ஸ்டெம் செல்லில் ஆண், பெண் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை (ஒருவரின் மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்களை நோயாளிக்குக் கொடுப்பது) வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். நோயாளி தம்பி என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒரே அளவு பொருந்தினால், பல நேரம் டாக்டர் அண்ணனைத்தான் கேட்பார். ஏன் என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. தோன்றினாலும் நிதானமாகப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அந்த ஒரு "ஏன்" எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது: பழ ஈயின் குடல், கர்ப்பிணி எலியின் மண்ணீரல், வயதான ஆண்களின் ரத்தம். நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் என்பதால் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

ஸ்டெம் செல் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரண்டு வேலை தெரிந்த செல். தன்னைப் போலவே இன்னொரு செல்லை உருவாக்கும். தேவைப்படும்போது ரத்த அணுவாகவோ தசையாகவோ எலும்பாகவோ மாறியும் போகும். தமிழில் குருத்தணு என்கிறோம். வாழை குருத்து விடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துவிடும். 1961ல் கனடாவின் டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜை செல்களை ஊசியில் ஏற்றினார்கள். சில நாட்களில் அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் வளர்ந்திருந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து கிளம்பியது என்று பிறகு காட்டினார்கள். ரத்த ஸ்டெம் செல் ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்குகிறது.

ஆண், பெண் என்பது முழு மனிதருக்குத்தானே? ஒரு செல்லுக்கு எப்படி?

உங்கள் உடம்பில் உட்கரு உள்ள கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லிலும், அது தோலாக இருந்தாலும் கல்லீரலாக இருந்தாலும், ஆணா பெண்ணா என்ற பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் இருக்கின்றன. பெரும்பாலான பெண்களுக்கு எக்ஸ்-எக்ஸ், பெரும்பாலான ஆண்களுக்கு எக்ஸ்-ஒய். உடம்பிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்தாலும் செல் அதைத் தன்னோடு கொண்டுபோகிறது. 1998ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாக மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். அப்படிப் பெருக்கிவரும் செல் வரிசைகளில் எச்1 என்பது ஆண், எச்9 பெண். இரண்டும் இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் இருக்கின்றன. ஆனால் அவற்றை வைத்து வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது நினைவில் இருப்பதில்லை.

இது செல்லுக்குள் இருக்கும் வேறுபாடு. வெளியிலிருந்து வருவது இன்னொன்று: அந்தச் செல் வாழும் உடம்பில் ஓடும் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டீரான் போன்ற ஹார்மோன்கள். இனி வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் கலந்தே வரும். அதனால் "யாருடைய செல்?" என்று கேட்கும்போதெல்லாம் "யாருடைய உடம்பில்?" என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா? எது குரோமோசோம், எது ஹார்மோன் என்று?

எலிகளில் முடியும். விதைப்பையை உருவாக்கச் சொல்லும் மரபணு எஸ்ஆர்ஒய். அது ஒய் குரோமோசோமில் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்து வேறொரு சாதாரண குரோமோசோமில் வைத்துவிட்டால், எக்ஸ்-எக்ஸ் இருந்தும் விதைப்பை உள்ள எலி, எக்ஸ்-ஒய் இருந்தும் சினைப்பை உள்ள எலி என்று நான்கு வகையும் கிடைக்கும். நான்கையும் ஒப்பிட்டால் எந்த வேறுபாடு குரோமோசோமால் வந்தது, எது சுரப்பியால் வந்தது என்று தெரிந்துவிடும். இந்தத் துறையில் மிக அழகாகச் சிந்திக்கப்பட்ட கருவி இதுதான் என்பது என் எண்ணம்.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் அதன் மரபணுக்கள் எல்லாம் இரட்டிப்பாக வேலை செய்யுமா?

இல்லை. ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை மூடி வைத்துவிடுகிறது. இதை 1961ல் சொன்னவர் இங்கிலாந்தின் மேரி லயன். மஞ்சளும் கருப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனையைப் பார்த்திருப்பீர்கள். அது கிட்டத்தட்ட எப்போதும் பெண் பூனைதான். ஒரு திட்டில் ஒரு எக்ஸ் மூடியிருக்கும், பக்கத்துத் திட்டில் மற்றொன்று. எக்ஸிஸ்ட் என்ற மரபணுதான் மூடும் வேலையைத் தொடங்குகிறது என்பது 1991ல் தெரிந்தது.

ஆனால் பூட்டு முழுமையானதல்ல. மனிதர்களில் எக்ஸில் உள்ள மரபணுக்களில் சுமார் 15 சதவீதம் மூடிய பக்கத்திலிருந்தும் வேலை செய்கின்றன. அந்த அளவுக்குப் பெண் செல் ஆண் செல்லிலிருந்து வேறுபடுகிறது.

ஸ்டெம் செல்லில் இது இன்னும் சிக்கல். எலியின் கரு ஸ்டெம் செல்லில் இரண்டு எக்ஸும் திறந்தே இருக்கின்றன. அதனால் அங்கே டிஎன்ஏ மேல் இருந்து மரபணுக்களை அடக்கி வைக்கும் மெதில் குறிகள் குறைகின்றன. பல நேரம் ஒரு எக்ஸையே செல் தொலைத்துவிடுகிறது. மனித ஸ்டெம் செல்களில் மூடிய எக்ஸ், தட்டில் நீண்டநாள் வளர வளர மெல்லத் திறந்துகொள்கிறது. மண் அரிப்பு மாதிரி, இதை எக்ஸ் அரிப்பு என்கிறார்கள். ஒரு பெண் நோயாளியின் செல்லிலிருந்து ஸ்டெம் செல் செய்து நோயைப் படிக்கும்போது, தெரியும் மாற்றம் நோயால் வந்ததா, எக்ஸ் அரிப்பால் வந்ததா என்று குழப்பம் வரலாம். எக்ஸில் இருக்கும் மரபணுவால் வரும் நோய் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹார்மோன் ஸ்டெம் செல்லை நேரடியாகத் தொடுகிறதா?

தொடுகிறது. 2014ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஷான் மாரிசன் குழு வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பெண் எலியின் ரத்த ஸ்டெம் செல்கள் ஆண் எலியினுடையதைவிட அடிக்கடி பிரிகின்றன என்று பார்த்தார்கள். பெண் எலியின் சினைப்பையை அகற்றினால் அந்த வேகம் குறைந்தது. ஆண் எலியின் விதைப்பையை அகற்றினால் மாற்றம் இல்லை. ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அங்கேயும் பிரிதல் கூடியது. ஸ்டெம் செல்லுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. அதை நீக்கினால் இந்த விளைவும் போய்விடுகிறது.

எதற்காக இப்படி ஒரு ஏற்பாடு? விடை கர்ப்பத்தில் இருக்கிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது எலியின் ரத்த ஸ்டெம் செல்கள் இன்னும் வேகமாகப் பிரிந்து பெருகுகின்றன. மண்ணீரலில் சிவப்பணு உற்பத்தி கூடுகிறது. தாய்க்கு அப்போது அதிக ரத்தம் வேண்டும். உடம்பு அதற்கு முன்பே தயாராகி நிற்கிறது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்த இரும்பை வாங்கி வேலை செய்யப்போகும் மஜ்ஜைக்குள் நடக்கும் இந்தத் தயாரிப்பைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மனிதர்களிலும் ஒரு சுவடு உண்டு. மஜ்ஜை சோர்ந்துபோகும் சில நோய்களுக்கு டானசோல் போன்ற ஆண் ஹார்மோன் வகை மருந்துகளைப் பல காலமாகக் கொடுத்து வருகிறார்கள். குரோமோசோம் முனைகளைத் தேயாமல் காக்கும் டெலோமரேஸ் என்ற நொதியை ஆண் ஹார்மோன்கள் ரத்தச் செல்களில் கூட்டுகின்றன என்று 2009ல் ஒரு ஆய்வு காட்டியது. அதில் கவனிக்க வேண்டியது, செல் அந்த ஆண் ஹார்மோனை முதலில் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்பது. ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்ற பெயர்களை நாம் எவ்வளவு கறாராக வைத்திருக்கிறோம், உடம்பு எவ்வளவு தாராளமாக அவற்றை மாற்றிக்கொள்கிறது பாருங்கள்.

அப்படியானால் பெண்ணின் ஸ்டெம் செல்தான் உயர்ந்ததா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. "ஆமாம்" என்று தலைப்பு போட்ட செய்திகளும் வந்திருக்கின்றன. அந்தச் செய்திகளின் பின்னால் இருப்பது பெரும்பாலும் 2007ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிரிட்ஜெட் டீசி, ஜானி உவார்ட் ஆகியோர் செய்த தசை ஆய்வு. அதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

டுஷென் தசைச்சிதைவு என்று ஒரு நோய். எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக் கோளாறால் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாமல் போகும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும். நன்றாக ஓடி விளையாடிய பையன் சில வருடங்களில் படியேற முடியாமல் ஆகிவிடுவான். அதே கோளாறு உள்ள எலிகளுக்கு, தசையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஊசி போட்டுப் பார்த்தார்கள். பெண் எலிகளிலிருந்து எடுத்த செல்கள் அதிகத் தசை நார்களை உருவாக்கின. காரணம் தேடியபோது ஒன்று தெரிந்தது: ஊசி போட்ட இடத்தில் செல்லுக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்லைச் சேதப்படுத்தும் வேதிச் சூழல்) வரும், அப்போது ஆண் செல்கள் அவசரமாகத் தசையாக முதிர்ந்துவிடுகின்றன. முதிர்ந்துவிட்டால் பிரியாது. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட மாதிரி, கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. பெண் செல்கள் அந்த அழுத்தத்தில் முதிராமல் காத்திருந்து பிரிந்துகொண்டே போகின்றன.

அதோடு முடியவில்லை. யாருடைய உடம்பில் போட்டார்கள் என்பதும் எண்ணிக்கையை மாற்றியது. பெண் எலியின் உடம்பில் பலன் கூடுதல்.

சரி, இனி மறுபக்கம். அதே உவார்ட் குழு, அதே வகைத் தசை ஸ்டெம் செல்லை எடுத்து எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாற்றிப் பார்த்தது. இந்த முறை ஆண் செல்கள்தான் முந்தின. ஆக, தசைக்கு ஒன்று, எலும்புக்கு இன்னொன்று. எந்தத் திசுவைச் சரிசெய்யப் போகிறோம் என்று சொல்லாமல் எது உயர்ந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது.

ஹார்மோனே இல்லாவிட்டாலும் செல் தன் பாலை அறிந்து நடக்குமா?

பழ ஈயில் நடக்கிறது. 2016ல் லண்டனில் இரேனே மிகேல்-அலியாகா குழு இதைக் காட்டியது. பெண் ஈயின் குடல் ஆண் ஈயின் குடலைவிடப் பெரியது; அங்கே ஸ்டெம் செல்களும் அதிகம் பிரிகின்றன. ஆராய்ச்சியாளர்கள் குடலின் ஸ்டெம் செல்களில் மட்டும், பெண்தன்மையை நிர்ணயிக்கும் மரபணுவை வளர்ந்த ஈயில் அணைத்தார்கள். உடம்பின் மற்ற எல்லாப் பகுதியும் பெண்ணாகவே இருந்தது. குடல் மட்டும் சுருங்கி ஆண் ஈயின் அளவுக்கு வந்தது. திரும்ப ஆன் செய்தால் மறுபடி பெரிதானது.

பெரிய குடல் முட்டையிடும் ஈக்கு உதவுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: அதிகம் பிரியும் பெண் ஈயின் ஸ்டெம் செல்களில், ஆராய்ச்சியாளர்கள் மரபணு மாற்றிக் கிளப்பிய கட்டிகளும் அதிகம் வந்தன.

அக்காவையும் அண்ணனையும் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு வாருங்கள். பெண் கொடையாளர் ஆண் நோயாளிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஸ்டெம் செல் விஷயத்தில் இன்று ஆஸ்பத்திரியில் உண்மையாகவே முடிவுகளை மாற்றும் பால் வேறுபாடு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1955ல் ஐக்வால்ட், சில்ம்சர் என்ற இருவர் எலிகளில் தோல் ஒட்டிப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே வம்சத்து எலிகள். ஒட்டுத்தோல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொண்டது, ஒரு சேர்க்கையைத் தவிர. ஆண் எலியின் தோலைப் பெண் எலிக்கு ஒட்டினால் மட்டும் பெண் எலி அதை உதறிவிட்டது. காரணம், ஒய் குரோமோசோமிலிருந்து உருவாகும் சில புரதத் துணுக்குகள். பெண்ணின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை வளரும்போது பார்த்ததே இல்லை என்பதால் அந்நியமாக நினைக்கிறது. இவற்றுக்கு எச்-ஒய் ஆன்டிஜென் என்று பெயர்.

மஜ்ஜை மாற்றில் நிலைமை தலைகீழாகிறது. உறுப்பு மாற்றில் நோயாளியின் உடம்புதான் புது உறுப்பைத் தாக்கும். மஜ்ஜை மாற்றில் போவதே ஒரு முழு நோய் எதிர்ப்பு மண்டலம். அது நோயாளியின் உடம்பைத் தாக்கும். டாக்டர்கள் இதை ஜி.வி.எச்.டி. என்பார்கள். தோல் தடித்துப் புண்ணாகும், குடல் கெடும், கல்லீரல் பாதிக்கப்படும். நாள்பட்டதாக மாறினால் வாய் உலர்வு, கண் உலர்வு, மூச்சுச் சிரமம் என்று வருடக்கணக்கில் இழுக்கும். அக்காவின் எதிர்ப்புச் செல்கள் தம்பியின் உடம்புக்குள் போனதும், அங்கே ஒவ்வொரு செல்லிலும் எச்-ஒய் தெரிகிறது. அதனால் பெண் கொடையாளர், ஆண் நோயாளி என்ற சேர்க்கையில் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. அதிகம்.

ஆனால் அதே தாக்குதல் எஞ்சியிருக்கும் புற்றுநோய்ச் செல்களையும் விடுவதில்லை. அவையும் ஆண் செல்கள்தானே. அதனால் இந்தச் சேர்க்கையில் ரத்தப் புற்றுநோய் திரும்பி வருவது குறைவு என்று சியாட்டில் மையத்தின் ஆய்வு 2004ல் காட்டியது. ஒரு கையில் கெடுதல், மறு கையில் நன்மை. எது கனக்கும் என்பது நோயின் வகையையும் கட்டத்தையும் பொறுத்தது. ஐரோப்பிய மஜ்ஜை மாற்றுக் குழுவின் அபாய மதிப்பெண்ணில் ஐந்தே ஐந்து விஷயங்கள்தான் கணக்கில் வருகின்றன: நோயாளியின் வயது, நோயின் கட்டம், நோய் கண்டதிலிருந்து ஆன காலம், கொடையாளர் உறவா வெளியாளா என்பது, அப்புறம் இந்தப் பால் சேர்க்கை. பெண்ணிடமிருந்து ஆணுக்கு என்றால் ஒரு மதிப்பெண் கூடும்.

கொடையாளர் பிள்ளை பெற்றவரா என்று ஏன் கேட்கிறார்கள்?

மகனைச் சுமந்த தாயின் எதிர்ப்பு மண்டலம் எச்-ஒய்யை ஏற்கெனவே சந்தித்துவிட்டது. கர்ப்பத்தில் குழந்தையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்துக்குள் வரும். அவை பிரசவத்தோடு போய்விடுவதில்லை. 1996ல் டயானா பியாங்கி குழு, மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு தாயின் ரத்தத்தில்கூட ஆண் செல்களைக் கண்டுபிடித்தது; அவை ரத்த ஸ்டெம் செல்லுக்கு நெருங்கிய வகை.

இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பிள்ளை வளர்ந்து, படித்து, வேலைக்கு வெளியூர் போன பிறகும் அவன் செல்கள் அம்மாவின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தாய்மையைப் பற்றி நாம் எவ்வளவோ பாடியிருக்கிறோம், இது யாருக்கும் தெரியாமலே!

மருத்துவத்தில் இதற்கு அர்த்தம் வேறு. பிள்ளை பெற்ற பெண்ணின் எதிர்ப்புச் செல்கள் பழகியவை, ஜி.வி.எச்.டி. வாய்ப்பு இன்னும் கூடலாம். அதனால்தான் அந்தக் கேள்வி. யாரையும் சங்கடப்படுத்த அல்ல.

அப்போது அக்கா தம்பிக்குக் கொடுக்கக் கூடாதா?

கட்டாயம் கொடுக்கலாம். எச்.எல்.ஏ. பொருத்தம்தான் முதலில் (எச்.எல்.ஏ. என்பது தன் செல்லா அந்நியமா என்று எதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டும் புரதங்கள்), மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பே 25 சதவீதம்தான். அக்கா மட்டும் முழுதாகப் பொருந்தினால், அக்காதான் கொடையாளர். எத்தனையோ தம்பிகள் அக்காமார்களின் மஜ்ஜையால் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேர் சமமாகப் பொருந்தும்போது மட்டும் வயது, பால், கர்ப்ப வரலாறு, வைரஸ் பரிசோதனை ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு எந்தப் பெண்ணும் "என்னுடையது தோதுப்படாது" என்று ஒதுங்கிவிடக் கூடாது. எந்தக் குடும்பமும் பிறகு ஜி.வி.எச்.டி. வந்ததற்காகக் கொடுத்தவளைக் குறை சொல்லவும் கூடாது. ஆண் கொடுத்தாலும் அது வரும்.

அக்காவின் செல் போனால் தம்பி பெண்ணாக மாறிவிடுவாரா?

மாட்டார். அக்காவின் செல்லால் விதைப்பை, ஹார்மோன், தோற்றம், குரல் எதுவும் மாறாது. ரத்தம் மட்டும் அக்காவுடையதாகிவிடும். அவருடைய ரத்தத்தில் குரோமோசோம் பார்த்தால் எக்ஸ்-எக்ஸ் வரும். ரத்த குரூப் வேறாக இருந்தால் அதுவும் அக்காவுடையதாக மாறும். இதையே டாக்டர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மாற்று சிகிச்சைக்குப் பிறகு ரத்தத்தில் எக்ஸ்-எக்ஸ் செல் எத்தனை, எக்ஸ்-ஒய் எத்தனை என்று எண்ணினால் புது மஜ்ஜை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வயதான ஆண்களின் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் காணாமல் போகிறது என்கிறார்களே?

உண்மைதான். ரத்த ஸ்டெம் செல்கள் திரும்பத் திரும்பப் பிரியும்போது சிலவற்றில் ஒய் தவறிப்போகிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் பெருகினால் ரத்தத்தில் ஒரு பகுதி ஒய் இல்லாமல் ஓடும். பிரிட்டனின் பெரிய மக்கள் தொகுப்பான யூகே பயோபேங்கில் பார்த்தபோது, 40 வயதில் சுமார் 2.5 சதவீத ஆண்களிடமும், 70 வயதில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களிடமும் இது தெரிந்தது. புகைபிடிப்பவர்களிடம் அதிகம்.

இது வெறும் நரை மாதிரி வயதின் அடையாளம் என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் லார்ஸ் ஃபோர்ஸ்பெர்க் குழு 2014ல், ஒய் இழந்தவர்கள் சீக்கிரம் இறப்பதையும் புற்றுநோய் அதிகம் வருவதையும் சுட்டிக்காட்டியது. 2022ல் எலிகளின் மஜ்ஜைச் செல்களிலிருந்து ஒய்யை நீக்கிப் பார்த்தபோது, இதயத்தில் நார்த்திசு படிந்து இதயம் பலவீனமானது. எலிகளும் சீக்கிரம் இறந்தன. ரத்த ஸ்டெம் செல்லில் நடக்கும் ஒரு இழப்பு இதயத்தில் போய்த் தெரிகிறது.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் ஸ்டெம் செல்லுக்கு என்ன ஆகிறது?

தசையில் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 2019ல் வந்த ஆய்வில், சினைப்பை அகற்றிய எலிகளின் தசை ஸ்டெம் செல்கள் 30 முதல் 60 சதவீதம் வரை குறைந்தன. மாதவிடாய் நிற்கும் கட்டத்தைக் கடந்த பெண்களின் தசை மாதிரிகளிலும் இந்தக் குறைவு தெரிந்தது. ஐம்பதைத் தாண்டிய அம்மாக்கள் "கீழே உட்கார்ந்தால் எழ முடியலை" என்று சொல்வதை வயசாயிடுச்சு என்று தள்ளிவிடுகிறோம். அதில் ஒரு பங்கு இங்கே இருக்கலாம்.

எலும்பில் வேறு ஒரு வியப்பு. பாலூட்டும்போது தாயின் எலும்பிலிருந்து கால்சியம் போய்க்கொண்டே இருக்கும்; ஈஸ்ட்ரோஜனும் குறைவு. எலும்பு நொறுங்கிப்போக வேண்டும், ஆனால் போவதில்லை. 2024ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாலி இங்க்ராம் குழு, பாலூட்டும் எலியின் மூளையிலிருந்து சிசிஎன்3 என்ற ஹார்மோன் வந்து எலும்பின் ஸ்டெம் செல்களைத் தூண்டுகிறது என்று கண்டது. முறிந்த எலும்பு சேருவதற்கும் அது உதவியது, ஆண் எலிகளில்கூட.

மாதவிடாய் ரத்தத்தில் ஸ்டெம் செல் இருக்கிறதாமே?

இருக்கிறது. கருப்பையின் உட்படலம் ஒரு பெண்ணின் வாழ்நாளில் சுமார் 400 முறை உதிர்ந்து வளர்கிறது, தழும்பு இல்லாமல். இப்படிப் புதுப்பிக்கும் திசு உடம்பில் வேறு எங்கே இருக்கிறது? 2004ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கரோலின் கார்கெட் குழு அதில் ஸ்டெம் செல் போன்று நடக்கும் செல்களைக் கண்டது. 2007ல் மாதவிடாய் ரத்தத்திலிருந்தும் பிரித்தார்கள். ஊசி குத்தி மஜ்ஜை எடுக்க வேண்டாம், மாதாமாதம் தானே வருகிறது. நாம் தீட்டு என்று ஒதுக்கி வைத்ததை ஆய்வகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். சிகிச்சை இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது.

ஆணுக்கு வயதான பிறகும் விந்து உருவாகிறது. பெண்ணுக்கு முட்டை ஏன் புதிதாக உருவாவதில்லை?

விதைப்பையில் விந்து ஸ்டெம் செல் வாழ்நாள் முழுக்க இருக்கிறது. சினைப்பையில் பிறக்கும்போதே முட்டைக் கையிருப்பு முடிவாகிவிடுகிறது. சினைப்பையிலும் ஸ்டெம் செல் இருக்கிறது என்று 2004ல் ஒரு குழு எலிகளை வைத்துச் சொன்னது. பெரிய வாதம் நடந்தது. 2020ல் மனிதச் சினைப்பையின் செல்களை ஒவ்வொன்றாக அலசிய ஆய்வில் அப்படி எதுவும் தென்படவில்லை. இதை நம்பிப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

ஆய்வகத்தில் மட்டும் எல்லை தாண்டிவிட்டார்கள். 2023ல் ஜப்பானின் கட்சுஹிகோ ஹயாஷி, ஆண் எலியின் செல்லை ஸ்டெம் செல்லாக்கி, ஒய்யைத் தொலைத்து எக்ஸை இரட்டிப்பாக்கிய செல்களைத் தேர்ந்து, அவற்றிலிருந்து முட்டை உருவாக்கினார். 630 கருக்களில் 7 குட்டிகள் பிறந்தன.

இத்தனை வேறுபாடு இருந்தும் ஏன் இவ்வளவு காலம் யாரும் கவனிக்கவில்லை?

சோதனை எலிகளில் ஆண்களையே வாங்கும் பழக்கம் ஒரு காரணம். பெண் எலிக்கு ஹார்மோன் சுழற்சி இருப்பதால் முடிவுகள் சிதறும் என்று நம்பினார்கள். 2014ல் 293 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெண் எலிகள் ஆண் எலிகளைவிட அதிகம் சிதறுவதில்லை என்று தெரிந்தது.

இன்னொரு காரணம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மஜ்ஜைச் செல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேட ஒய் குரோமோசோம் நல்ல அடையாளம். அதனால் ஆண் செல்லைப் பெண் உடம்பில் போட்டு, பிறகு ஒய்யைத் தேடுவார்கள். அந்தச் சேர்க்கையே முடிவை மாற்றக்கூடும் என்பதை யோசிக்காமல், அதை வெறும் அடையாளச் சீட்டாகப் பயன்படுத்தினார்கள்.

தட்டிலும் பிரச்சினை உண்டு. செல் வளர்க்கும் திரவத்துக்குச் சிவப்பு நிறம் தருவது பீனால் ரெட். அது லேசாக ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்று 1986லேயே தெரியும். அதில் சேர்க்கும் கன்றுக்குட்டி சீரத்திலும் ஹார்மோன்கள் இருக்கும். ஆண் செல்லோ பெண் செல்லோ, எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வளர்கின்றன.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், செல்லிலும் விலங்கிலும் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2014ல் அறிவித்தது. 2016 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் வருகிறது. "இளம் பெண் கொடையாளரின் செல்" என்றால் நம்பலாமா?

வேண்டாம். அந்த ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது மஜ்ஜை, கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் மெசன்கைமல் செல். எலியின் செல்களைத் தட்டில் வைத்துத் துன்புறுத்திப் பார்த்தபோது, பெண் செல்கள் குறைவாக இறந்தன, ரத்தக் குழாய் வளர்க்கும் விஇஜிஎஃப் புரதத்தை அதிகம் சுரந்தன என்று 2007ல் ஒரு ஆய்வு வந்தது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தின் ஒரு ஏற்பியை நீக்கினால் ஆண் செல்லும் அதேபோல் நடந்தது. நல்ல ஆய்வு. ஆனால் எலியின் தட்டிலிருந்து உங்கள் முழங்காலுக்கு வெகுதூரம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே செய்யலாம் என்கிறது. சோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நான் ஒரு பெண். கொடையாளராகப் பதிவு செய்தால் பயன் உண்டா?

உண்டு, நிறைய. ஆண் கொடையாளருக்கு முன்னுரிமை என்பது இரண்டு பேர் சமமாகப் பொருந்தும்போதுதான். உறவில்லாதவர்களில் ஒருவர் பொருந்துவதே பெரிய விஷயம். எச்.எல்.ஏ. வம்சாவளியோடு ஒட்டி வருவதால், தமிழ் நோயாளி ஒருவருக்குப் பொருத்தம் நம் ஊர் மக்களிடம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது. சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி பதிவேடு 2009 முதல் கொடையாளர்களைச் சேர்க்கிறது. பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்து அழைத்தால், சில நாட்கள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். பிறகு ரத்த தானம் போலக் கையிலிருந்தே சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். கர்ப்பமாக இருந்தால் அந்தச் சமயம் எடுக்க மாட்டார்கள். அதை மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.